அக்டோபரைத் தாங்கும் மாடு

புல்லை மட்டுமே தின்று கறிக்குத் தேறுகிற மாடு வேண்டும், எந்த இனம் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அக்டோபர் மாதம் உங்கள் நிலத்தில் என்ன இருக்கும்? பலர் பதில் சொல்லாமல், காளைகளின் படம் போட்ட ஏலப் புத்தகத்தைத் திறந்து காட்டுவார்கள். மழை பெய்து இடுப்பளவு புல் நிற்கும் பிப்ரவரியில் எந்த இனத்தைப் படம் எடுத்தாலும் மினுமினுவென்றுதான் இருக்கும். அந்தப் படத்தை வைத்து மாடு வாங்க முடியாது.

நான் இருப்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், ராக்ஹாம்ப்டன் பக்கம். மகர ரேகை அந்த ஊரை ஒட்டிப் போகிறது. சாலை நடுவில் காளைச் சிலைகளை நிறுத்தி வைத்திருக்கும் ஊர். தன்னை மாட்டிறைச்சித் தலைநகரம் என்று அழைத்துக்கொள்கிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாடே திரளும் மாட்டுக் கண்காட்சியும் அங்கே நடக்கும். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு வந்தவள் நான். மாடு சினையா இல்லையா என்று கைவிட்டுப் பார்த்துச் சொல்வதும், மந்தைக்கு எந்தக் காளையைச் சேர்க்கலாம் என்று யோசனை சொல்வதும் என் தொழில்.

இங்கே மழை டிசம்பரிலிருந்து மார்ச் வரை. அதற்குள் புல் வளர்ந்து, கதிர் தள்ளி, விதை உதிர்த்துவிடும். மே மாதத்துக்குப் பிறகு நிற்பதெல்லாம் காய்ந்த தாள். தூரத்திலிருந்து பார்த்தால் நிலம் நிறையத் தீவனம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் புல்லில் புரதம் ஏழு சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களுக்கே இரை போதாது. அவை நாரைச் செரிக்க மறுத்துவிடும். தின்றது உள்ளேயே தங்கும், மாடு அடுத்த வாய் எடுக்காது. வயிறு நிறைந்தும் பட்டினி. யூரியாவும் உப்பும் மொலாசஸும் கலந்த நக்குகட்டி வைத்து ஓரளவு சமாளிக்கிறோம். ஆனாலும் ஆகஸ்டிலிருந்து எலும்பு தெரிய ஆரம்பிக்கும். அக்டோபரில் உச்சம்.

பொலிகாளையை மழைக்காலத்தில், ஜனவரியை ஒட்டி மந்தையில் விடுவார்கள். சினைக்காலம் ஒன்பது மாதம் சொச்சம். ஆக, வருடத்தின் மிக மோசமான மாதத்தில் பசு நிறை சினையாக நிற்கும், அல்லது கன்றுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தன் உடம்பையும் காத்து, கன்றையும் காத்து, மழை வந்ததும் மறுபடி சினை பிடிக்க வேண்டும். இதைச் செய்ய முடிகிற மாடுதான் புல்மாட்டுப் பண்ணைக்கான மாடு. கறியின் தரமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

தானியம் ஊட்டும் பண்ணைகளில் கதை வேறு. அங்கே மாட்டைத் திடலில் அடைத்து, சோளமும் பார்லியும் தொட்டியில் கொட்டி, நூறு நாளில் தேற்றிவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ ஏறும். இனத்தில் உள்ள குறையைத் தீவனம் மூடிவிடும். புல்மாடு என்று சான்று வாங்க விரும்பும் பண்ணையில் வாழ்நாள் முழுவதும் தானியத் தீவனமும் கூடாது, திடலில் அடைத்தலும் கூடாது. இங்குள்ள புல்லில் ஆண்டுக்குச் சுமார் 160 கிலோ ஏறினால் நல்ல நிலம் என்று அர்த்தம். பால் மறக்கும்போது 200 கிலோ இருக்கும் கன்று 600 கிலோ ஆவதற்கு மேற்கொண்டு இரண்டரை வருடம் ஆகும். அதாவது மூன்று கோடைகளையும் மூன்று அக்டோபர்களையும் அது கடக்க வேண்டும்.

இந்த மண்ணுக்கு முதலில் வந்தவை பிரிட்டிஷ் மாடுகள். ஷார்ட்ஹார்ன், ஹெரஃபோர்டு. குடியேறியவர்கள் தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டுவந்தார்கள். ஹெரஃபோர்டு முகம் வெள்ளை. கண்ணைச் சுற்றி நிறமி இல்லாததால் இந்த வெயிலில் கண்ணில் புற்று வரும். வெயிலைவிடப் பெரிய எதிரி உண்ணி. 1872-இல் இன்றைய இந்தோனேசியாவிலிருந்து வந்த மாடுகளோடு டார்வின் துறைமுகத்தில் இறங்கி, 1890களில் குயின்ஸ்லாந்துக்குள் பரவியது. ஒரு பெண் உண்ணி மாட்டின் மேல் மூன்று வாரம் ரத்தம் குடித்து, கீழே விழுந்து மூவாயிரம் முட்டை வரை இடும். அது ஏற்றிவிடும் ஒட்டுண்ணி மாட்டின் ரத்த அணுக்களை உடைக்கும். மூத்திரம் சிவப்பாகப் போகும். அந்தக் காய்ச்சலில் மந்தை மந்தையாகச் செத்தன.

அப்போது கண் திரும்பியது நம் இந்திய மாடுகளின் பக்கம், அதுவும் அமெரிக்கா வழியாக. அமெரிக்காவின் தென்கோடியில் இதே வெயில், இதே உண்ணி. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நம் நாட்டு மாடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வரவழைத்திருந்தார்கள். எல்லாம் சேர்த்து 300 தலைகூட இருக்காது, பெரும்பாலும் காளைகள். ஓங்கோல், கிர், காங்ரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடு ஆகியவற்றைக் கலந்து அவர்கள் உருவாக்கிய இனம்தான் பிராமன். 1933-இல் ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு அமைப்பும் சில குயின்ஸ்லாந்துப் பண்ணைக்காரர்களும் சேர்ந்து அமெரிக்காவிலிருந்து ஒரு சிறு மந்தையைக் கப்பலில் இறக்கினார்கள். இன்று வட ஆஸ்திரேலியாவில் அந்த ரத்தம் ஓடாத மந்தையைக் காண்பது அரிது. பிரேசிலில் கோடிக்கணக்கில் மேயும் நெலோர் மாட்டுக்கும் பெயர் கொடுத்தது, ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர்தான்.

திமிலும் அலைதாடியும் கொண்ட மாடு ஏன் தாங்குகிறது? அதன் மயிர் குட்டையாக, வழுவழுப்பாக இருக்கும். வியர்வைச் சுரப்பிகள் பெரியவை. உடம்புக்குள் எரியும் சூடும் குறைவு: அதே எடையுள்ள ஐரோப்பிய மாட்டைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவான தீவனத்தில் தன் உடம்பை நிலைநிறுத்தும். சத்தற்ற புல்லைத் தின்னும்போது ரத்தத்தில் உள்ள யூரியாவை இரைப்பைக்குத் திருப்பி அனுப்பி மறுபடி பயன்படுத்துவதிலும் கெட்டி. உண்ணி விஷயத்தில் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். நூறு உண்ணிக்குஞ்சுகள் ஏறினால் பிரிட்டிஷ் மாட்டில் பதினைந்து இருபது முழுதாக வளர்ந்து முட்டையிடப் போகும். சுத்த பிராமனில் ஒன்றிரண்டு தப்பினால் அதிகம். மருந்துத் தெளிப்பும் மேய்ச்சல் இடைவெளியும் சேராமல் தோல் மட்டுமே செய்யும் வேலை இது.

ராக்ஹாம்ப்டனுக்கு வெளியே பெல்மான்ட் என்று ஓர் ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. 1950களிலிருந்து இந்தக் கேள்வியைத்தான் அங்கே மாடுகளை வைத்து அளந்து பார்த்தார்கள்: எந்த மாட்டுக்கு எத்தனை உண்ணி, வெயிலில் உடல் சூடு எவ்வளவு ஏறுகிறது, எத்தனை கன்று. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்காண்டர் இனத்தை ஹெரஃபோர்டு, ஷார்ட்ஹார்னோடு சேர்த்து ‘பெல்மான்ட் ரெட்’ என்ற புது இனத்தையே அங்கே உருவாக்கினார்கள்.

நான் பிறந்தது காங்கேயம் பக்கம். எங்கள் அப்பாரு கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலத்தில் மாடு வைத்திருந்தார். அங்கே மாடுகள் மேய்ந்தது கொழுக்கட்டைப்புல். இங்கே வந்து முதன்முதலாக ஒரு பண்ணைக் கதவைத் திறந்தபோது காலடியில் அதே புல். இங்கே அதற்கு பஃபெல் என்று பெயர். ஒட்டகச் சேணங்களின் திணிப்பில் ஒளிந்து வந்த விதை என்று ஒரு பகுதியைச் சொல்வார்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து நல்ல ரகங்களை வேண்டுமென்றே கொண்டுவந்து விதைத்தார்கள். பிரிகலோ என்ற வேல மரக்காடுகளை 1960களில் அடியோடு அழித்து, அந்தக் கரிசல் மண்ணில் இந்தப் புல்லைப் போட்டார்கள். அழிந்த காட்டை நினைத்து எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் வறட்சியிலும் தூர் சாகாமல் நிற்கிற அந்தப் புல்லைச் சிறுவயதிலிருந்தே தெரியும். அதை எந்த மாடு தின்று தேறும் என்பதும் ஓரளவு தெரியும்.

கண்ணபுரம் சந்தைக்கு அப்பாருவோடு போன நாள்களில் அவர் மாட்டைச் சுற்றி வந்து கால், குளம்பு, நடை என்று பார்ப்பார். உழவுக்கும் வண்டிக்குமான பார்வை அது. கறிக்கான மாட்டுக்கும் இதே பார்வை வேண்டும் என்று சொன்னால் இங்குள்ள இளைஞர்கள் சிலர் ஆச்சரியப்படுகிறார்கள். தண்ணீருக்கும் புல்லுக்கும் நடுவே தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டிய மாட்டுக்குக் காலில் குறை இருந்தால் மற்றது எதுவும் உதவாது.

ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள், ‘ஏம்மா, மாட்டைக் கும்பிட்ட குடும்பம், நீ அடிமாடு வளர்க்க யோசனை சொல்றியா?’ என்று கேட்டிருக்கிறார்கள். மாட்டுக்கறி தின்பதும் விடுவதும் அவரவர் வீட்டு விஷயம். இரண்டு வகை வீட்டிலும் எனக்கு நெருக்கமானவர்கள் உண்டு. நான் கண்ட துன்பம் வேறு. ஜனவரி நண்பகலில், நாற்பது டிகிரி வெயிலில், அடர்ந்த கறுப்பு மயிரோடு ஒரு மாடு வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறதைப் பார்க்க வேண்டும். கழுத்திலும் மடியிலும் உண்ணி அப்பியிருக்கும். நிழலை விட்டு மேயப் போகாது. அதற்கு நோய் எதுவும் இல்லை. தவறான இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். மாட்டின் மேல் அக்கறை இருக்கிறவர் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான் என்று நான் முழு மனதாக நம்புகிறேன்.

அப்படியானால் எல்லோரும் சுத்த பிராமன் வாங்கிவிடலாமே என்றால், அதிலும் சிக்கல் உண்டு. பெரிய சிக்கல் சினை. பிராமன் கிடாரி மெதுவாகத்தான் பருவத்துக்கு வரும். இங்கு நடந்த விரிவான ஆய்வொன்றில் பிராமன் கிடாரிகள் முதலில் பருவமடைந்தது சராசரியாக ஏறக்குறைய 750 நாள் வயதில். வெப்பமண்டலக் கலப்பினக் கிடாரிகள் ஏறக்குறைய 650 நாளில். நூறு நாள் வித்தியாசம். பொலிகாளை மந்தையில் நிற்கும் காலமே அவ்வளவுதான். போதாததற்கு, கன்று பால் குடிக்கும் வரை மெலிந்த பிராமன் பசு மறுபடி பருவத்துக்கே வராது. காய்ந்த பகுதிகளில் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம்தான் கன்று போடும். கன்று போடாத வருடமும் அது புல் தின்னத்தான் செய்யும்.

அதே ஆய்வில் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது வேறு. பிராமனுக்குள்ளேயே சில கிடாரிகள் பதினைந்து மாதத்துக்குள் பருவமடைந்திருந்தன. சில மூன்று வயதாகியும் அடையவில்லை. இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபுவழி வருவது. அதனால்தான் நான் இனத்தின் பெயரோடு நிறுத்துவதில்லை. காளை வாங்கும்போது அதன் தாய் எத்தனை வயதில் முதல் கன்று போட்டது, வருடந்தோறும் போட்டதா என்று கேட்கச் சொல்கிறேன். காளையின் விதைப்பை சுற்றளவையும் அளக்கச் சொல்கிறேன். அது பெரிதாக உள்ள காளையின் பெண்கன்றுகள் சீக்கிரம் பருவமடையும் போக்கு உண்டு. வால்மயிரில் கொஞ்சம் பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் இப்போது மரபணு மதிப்பீடும் கிடைக்கிறது.

இரண்டாவது சிக்கல் கறி. இறந்த பிறகு தசையை மெல்ல இளக்கும் நொதிகள் உண்டு; பிராமன் ரத்தம் கூடக்கூட அவற்றைத் தடுக்கும் புரதமும் கூடும். கறி கொஞ்சம் கடினமாக இருக்கும். ஆஸ்திரேலியாவில் கறிக்குத் தரம் போடும்போது, உரித்த உடலில் திமிலின் உயரத்தை அளவுகோல் வைத்தே அளக்கிறார்கள். உயரம் கூடினால் மதிப்பெண் இறங்கும். உடலை இடுப்பெலும்பில் தொங்கவிடுவதாலும், கூடுதல் நாள் குளிரில் பழுக்கவிடுவதாலும் இதைப் பெருமளவு ஈடுகட்டலாம். இனத்தைவிட முக்கியமானது மாடு வெட்டுக்குப் போகும்போது இருக்கும் நிலை. விலா மேல் குறைந்தது மூன்று மில்லிமீட்டர் கொழுப்பு வேண்டும். தசையில் சேமித்த சர்க்கரை தீராமல் இருக்க வேண்டும். பட்டினியாலோ பயத்தாலோ அது தீர்ந்துபோனால் கறி கறுத்து, அமிலத்தன்மை சரியாக வராமல் தரத்திலிருந்தே கழிந்துபோகும்.

பயம் என்றேன். குணத்தைப் பார்க்காமல் எந்த இனத்தையும் வாங்கக்கூடாது. ஹெதர் பர்ரோ என்ற ஆய்வாளர் வகுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. எடை போடும் கூண்டிலிருந்து மாட்டைத் திறந்துவிட்டு, முதல் இரண்டு மீட்டரை எவ்வளவு நேரத்தில் கடக்கிறது என்று பார்ப்பது. பாய்ந்தோடுவது பிறவிப் பதற்றம். அமைதியாக நடந்து போகும் மாடு எடையும் நன்றாக ஏறும், கறியும் மிருதுவாக இருக்கும். பிராமனிலும் சாது மாடுகள் ஏராளம். மனிதக் கை பட்டு வளர்ந்ததா என்பதும் சேர்ந்தது.

மூன்றாவது, யாரும் சிக்கலாகவே நினைக்காத ஒன்று: பசுவின் அளவு. கண்காட்சியில் பெரிய மாட்டுக்குத்தான் பரிசு. ஆனால் 500 கிலோ பசு நூறு மேயும் நிலத்தில் 650 கிலோ பசு ஏறக்குறைய எண்பதுதான் மேயும். எண்பது பசு எண்பது கன்றுக்கு மேல் போடாது. பெரிய பசுவுக்கு அக்டோபரில் பற்றாக்குறையும் பெரிது. முதலில் சினை பிடிக்கத் தவறுவது அதுதான். பெரிய சட்டம் உள்ள இனத்துக் காளைக்கன்று எலும்பு வளர்ந்து முடிந்த பிறகுதான் கொழுப்புப் போடும்; அதற்குள் ஆறு பல், எட்டுப் பல் ஆகிவிடும். நம்மூர்ச் சந்தையில் வாயைப் பிரித்துப் பார்ப்பதுபோலவே இங்கே வெட்டுமிடத்திலும் பல்லை எண்ணித்தான் வயது பார்க்கிறார்கள். பல் கூடினால் விலை குறைகிறது. ஆகவே நடுத்தர உயரம், ஆழமான வயிறு, சீக்கிரம் முதிரும் உடல். புல்லுக்கு இதுதான் வாகு.

தெற்கே விக்டோரியா, டாஸ்மேனியா போனால் இந்தக் கணக்கு மாறிவிடும். அங்கே குளிர்கால மழை, ரை புல்லும் குளோவரும், இந்த மாட்டு உண்ணி கிடையாது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஆங்கஸ் அங்கே பொருந்தி உட்கார்ந்துவிட்டது. சீக்கிரம் முதிர்கிறது, கொழுப்பு இழையோடிய கறி. அந்த விலையைப் பார்த்து வடக்கே இருப்பவர்களுக்கு ஆசை வருவது இயல்பு.

அப்படி ஆசைப்பட்ட ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய நிலம் இரண்டு வகை. பாதி ஊசிப்புல் முளைத்த கல் மேடு. மீதி கரிசல், அதில் கொழுக்கட்டைப்புல்லும் வரிசையாகச் சூபாபுல்லும். சூபாபுல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் சவுண்டல் என்பார்கள். அதில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. அதிகம் தின்ற மாட்டுக்கு மயிர் கொட்டும், கழுத்தில் கழலை வரும். ஹவாய் தீவில் ஆடுகள் அதையே தின்று நன்றாக இருப்பதைக் கவனித்த ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறிவியலாளர், அவற்றின் வயிற்றில் நஞ்சை உடைக்கும் நுண்ணுயிர் இருக்க வேண்டும் என்று கருதி, 1980களின் தொடக்கத்தில் அதைக் கொண்டுவந்து இங்குள்ள மாடுகளுக்குப் புகட்டினார். பலித்தது. அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். சூபாபுல் கலந்த மேய்ச்சலில் ஆண்டுக்கு 250 கிலோவுக்கு மேல் ஏறுகிறது. தானியத்தொட்டி இல்லாமலேயே இரண்டரை வயதில் மாடு தேறிவிடும்.

அவர் முழு மந்தைக்கும் ஆங்கஸ் காளை வாங்குவதாக இருந்தார். ஆங்கஸ் காளையையும் பிராமன் பசுவையும் சேர்த்துப் பிறக்கும் முதல் தலைமுறைக் கன்று அருமையானது. கலப்பு வீரியம் முழுதாக வெளிப்படும். ஆனால் அந்தக் காளை முதல் கோடையைத் தாண்ட வேண்டும். கல் மேட்டில், உண்ணிக்கு நடுவே, பசுவைத் தேடி நடக்க வேண்டும். மரநிழலில் படுத்திருக்கும் காளையால் கன்று பிறக்காது. தொடர்ந்து ஆங்கஸ் காளையே விட்டுக்கொண்டிருந்தால் மூன்றாம் தலைமுறையில் பசுக்களிடம் பிராமன் ரத்தம் எட்டில் ஒரு பங்காகிவிடும். உண்ணியும் வெயிலும் பழைய கதையைத் தொடங்கிவிடும்.

பேசிப் பேசி முடிவுக்கு வந்தோம். மேட்டில் பிராமன் தொடரட்டும். ஆனால் வருடந்தோறும் கன்று போட்ட தாய்களின் காளைகள் மட்டும். கரிசலில் பிராமன் ரத்தம் பாதியோ அதற்குச் சற்றுக் குறைவோ உள்ள, கொம்பில்லாத கலப்பினக் காளைகள். டிரவுட்மாஸ்டரா, பிராங்கஸா என்பதை அருகில் நல்ல காளை யாரிடம் கிடைக்கிறது என்று பார்த்து முடிவு செய்யச் சொன்னேன். இதே வெயிலில், இதே உண்ணிக்கு நடுவே வளர்ந்ததா என்பதே முக்கியம். மேட்டில் பிறந்த கன்றுகள் பால் மறந்ததும் கரிசலுக்கு இறங்கித் தேறும்.

கிடாரிகளுக்கு ஒரு கண்டிப்பான விதி. இரண்டு வயதில் மூன்று மாதம் மட்டும் காளை. மே மாதம் நான் வந்து சினை பார்ப்பேன். நின்றவை மந்தையில் சேரும். நிற்காதவற்றின் வால் குஞ்சத்தை அங்கேயே நறுக்கி அடையாளம் வைத்துவிடுவோம். அவை ஜூனில், மழைப்புல் தின்ற கொழுப்பு கரைவதற்குள் லாரி ஏறும். இரண்டரை வயது, இரண்டு பல், விலாவில் போதுமான கொழுப்பு. கசாப்புக்காரர்கள் கேட்டு வாங்கும் கறி அது. இந்த விதியால் அவருக்கு முதல் வருடத்தில் கணிசமான கிடாரிகள் குறைந்தன. மனைவி கணக்கு நோட்டை என் முன்னால் வைத்து, இத்தனையை விற்றுவிட்டால் மந்தை எப்படிப் பெருகும் என்று கேட்டார். அடுத்த அக்டோபருக்கு எத்தனை வாய்க்குப் புல் இருக்கிறது என்று மூவரும் உட்கார்ந்து நிலம் நிலமாகக் கணக்கெடுத்தோம். மேட்டில் இருக்கும் எண்ணிக்கையே அதிகம் என்று தெரிந்தது. வயதான பசுக்களில் பல் தேய்ந்தவற்றையும் சேர்த்து அந்தப் பட்டியலில் எழுதினார் அந்த அம்மா.